ஒரு எழுத்தால் வந்த சண்டை

என் லேப்டாப்பில் ஓடியது, சர்வரில் ஓடவில்லை. மறுநாள் காலை வகுப்பில் காட்ட வேண்டும். திரையில் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று சிவப்பாக ஒரு வரி.

பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள், ஹி ஹி. நானும் நண்பனும் சேர்ந்து பில் போடும் தளம் ஒன்று செய்திருந்தோம். பில் பக்கம் அவன் எழுதியது. ராத்திரி பதினொரு மணிக்கு அவனுக்குப் போன் போட்டு, "என்னடா எழுதி வச்சிருக்க?" என்று கத்திவிட்டேன். அப்புறம் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்து மூன்று தடவை மறுபடி இன்ஸ்டால் செய்தேன். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளுவோமே, அந்த மாதிரி. தப்பு அப்படியே இருந்தது.

ஒரு மணிக்குத்தான் அந்த வரியில் இருந்த ஃபைல் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஃபைலின் முதல் எழுத்து கேப்பிடல் 'பி'. இம்போர்ட் வரியில் ஸ்மால் 'பி'. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். சர்வரில் இருந்த லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. எல்லா ஃபைலையும் சேர்த்துக் கட்டும் வெப்பேக், ஒன்று கிடைக்காவிட்டாலும் பிழை என்று சொல்லிவிடும்.

இம்போர்ட் வரியைத் திருத்தினால் போதும். ஃபைல் பெயரையே மாற்றுவதென்றால் 'கிட் எம்வி' கட்டளையால் மாற்றுங்கள். விண்டோஸில் சும்மா மாற்றினால் கிட் அதைக் கவனிக்காமல் விட்டுவிடும்.

அந்த இம்போர்ட் வரியை எழுதியது நான்தான். காலையில் நண்பனிடம் மன்னிப்பு கேட்டேன். டீ, பஜ்ஜி எல்லாம் என் கணக்கில்.