ஒரு காரு, ரெண்டு குடும்பம், ஒரு பெட்ரோல் கணக்கு



டவுன்ல இருக்குற உங்கள்ல நெறைய பேரோட வண்டியில, லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர் குடுக்குதுன்னு ஸ்டியரிங்குக்கு முன்னாடியே எழுத்துல வந்துரும். எங்க வண்டியில அந்த வசதி கெடையாதுங்க. 2013 மாடல் ஆல்டோ கே10. நானும் எந்தம்பியும் ஆளுக்குப் பாதி பணம் போட்டு செகண்டு ஹேண்டுல வாங்குனது. ஓடுன கிலோமீட்டர் காட்டும், பெட்ரோல் முள்ளு காட்டும், அவ்வளவுதான். அந்த வண்டிக்கு வெளியில இருந்து ஒரு ட்ரிப் கம்ப்யூட்டர் வாங்கி மாட்டுனோம். "பத்து வருசத்துக்கு மேல ஓடுன வண்டிக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டரு?"ன்னு ஊருல கேக்காதவங்க இல்ல. எதுக்குன்னு சொல்றேன்.

எங்க ஊரு சத்தியமங்கலம் பக்கம். நான் மல்லி வெச்சிருக்கேன். விடியக் காலையில பறிச்ச மொக்க சத்தி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேத்தோணும். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. மாசத்துல இருவத்தஞ்சு நாளாவது இந்த ஓட்டம் இருக்கும். தம்பி சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லாம மாசம் ரெண்டு தடவ கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வரோணும். போக வர 140 கிலோமீட்டர். ஆக மாசத்துக்கு நான் 300, அவன் 280. பெட்ரோல் செலவ ஓடுன கிலோமீட்டர் கணக்குல பிரிச்சுக்கறதா வெச்சிருந்தோம். அப்படித்தான் நோட்டுல எழுதிட்டு வந்தோம்.

ஒரு கட்டத்துல தம்பி வண்டிய எடுக்குறத நிறுத்திட்டான். சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு பஸ்ல போக ஆரம்பிச்சான். கேட்டா, "இல்லீங்ண்ணா, பஸ்ஸே சௌரியமாத்தான் இருக்குதுங்க"ங்கறான். ஒடம்பு முடியாதவங்கள பஸ்டாண்டுல நிக்க வெக்கறது என்ன சௌரியம்? வைத்தியச் செலவு அவனுக்குக் கைக்கு மேல இருந்துச்சு, பெட்ரோல் பங்கு அதுக்கு மேல ஒரு சொமை. "உம்பங்க நான் போட்டுக்கறேன்"னு சொன்னா வாங்கிக்கற ஆளு அவன் இல்ல. அவன் மனசு ஒத்துக்கற மாதிரி ஒரு கணக்கு வேணும்.

எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதாங்க. ஓடுற தூரமும் குடிக்கற பெட்ரோலும் ஒண்ணில்ல. நாலு மணிக் குளிர்ல இஞ்சினக் கெளப்பி, மண் ரோட்டுல ஒண்ணு ரெண்டு கியர்ல உருட்டி, ஆறு கிலோமீட்டர்ல நிறுத்திட்டா, இஞ்சின் முழுசா சூடேறி ஓடுற நேரமே கொஞ்சந்தான். ஆறுன இஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாத்தான் போகும். மார்க்கெட்டு வாசல்ல வண்டிக வரிசையில நிக்கறப்பவும் அது குடிச்சுட்டேதான் இருக்கும். தம்பி போற ரோடு ஒரே சீரா டாப் கியர்ல போறது. யாரு எவ்வளவு பெட்ரோல் எரிச்சாங்கன்னு அளந்தாத்தான் நியாயம்.

பொட்டி மாட்டுறது பெரிய வேல இல்லீங்க. ஸ்டியரிங்குக்குக் கீழ, கால் வெக்கற எடத்துக்கு மேல, பதினாறு ஓட்டையோட ஒரு பிளக் இருக்கும். ஓ.பி.டி. போர்ட்டுன்னு சொல்லுவாங்க. மெக்கானிக்கு வண்டியோட நோவப் பாக்கறதுக்கு அவரு கருவிய மாட்டுற எடம் அது. அந்த ஓட்டையில பொட்டியோட ஒயர சொருகிட்டா, வண்டியோட கம்ப்யூட்டர் சொல்றத எல்லாம் பொட்டி வாங்கிக் காட்டும். ரெண்டு விசயம் கவனமா இருக்கோணும். ஒண்ணு, ஒயர் கிளட்ச், பிரேக்கு மிதி பக்கம் தொங்கக் கூடாது. ஓரமாக் கொண்டுபோய் மேல ஏத்திக் கட்டிரோணும். ரெண்டு, அந்த பிளக்குல பேட்டரி கரண்டு எப்பவுமே வந்துட்டிருக்கும். சாவிய எடுத்த பின்னாடி பொட்டி தானா அணையுதான்னு பாருங்க. அணையலீன்னா, வண்டிய நாலஞ்சு நாள் நிறுத்தறப்போ கழட்டி வெச்சிருங்க. இல்லாட்டி ஒரு நாள் விடியக்காலையில தள்ள ஆள் தேடோணும்.

மாட்டுன ஒடனே பொட்டியில எண்ணு ஓட ஆரம்பிச்சுரும். பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த எண்ண அப்படியே நம்பிரக் கூடாது. நாங்க பூவ வீட்டுல ஒரு தடவ எடை போட்டுட்டுத்தான் மார்க்கெட்டுக்குக் கொண்டு போவோம். அங்க முத்திர போட்ட எலக்ட்ரானிக் தராசே இருந்தாலும் அப்படித்தான். ரெண்டு எடையும் ஒத்துப் போனாத்தான் மனசு ஆறும். பொட்டிக்கும் அதே பழக்கந்தான்.

மொதல்ல தூரம். பொட்டி தூரத்த நேரா அளக்கறதில்ல. வண்டி கம்ப்யூட்டர் சொல்ற வேகத்த வெச்சுக் கூட்டிக்கும். அந்த வேகமும் முழு எண்ணாத்தான் வரும், 41, 42ன்னு. பின்னம் கெடையாது. அது போக டயரு. எங்க டயரு 155/65 ஆர் 13. ஒரு சுத்து சுத்துனா புதுசுல சுமார் 167 சென்டிமீட்டர் போகும். நாலு மில்லிமீட்டர் தேஞ்சா சக்கரத்தோட குறுக்களவுல எட்டு மில்லிமீட்டர் போயிருது. அதனால மட்டுமே 100 கிலோமீட்டர் ஓடுனா 101.5ன்னு காட்டும்.

இத அளக்கத் தம்பியத்தான் கூப்புட்டேன். "கோயமுத்தூர் ரோட்டுலதான் கல்லு சரியா இருக்குது, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வண்டிய எடு, நானும் வாரேன், மீட்டர் சோதிக்கோணும்"னேன். சோதனைன்னதும் அவனால மறுக்க முடியல. அவன் ஓட்டுனான். தம்பி சம்சாரம் முன்னாடி ஒக்காந்து மஞ்சத் தல கிலோமீட்டர் கல்ல ஒவ்வொண்ணாப் பாத்துச் சொல்லிட்டே வந்துச்சு. நான் பின்னாடி நோட்டும் பேனாவுமா. நடுவுல ரெண்டு கல்லக் காணோம். ரோடு போடறப்போ எடுத்திருப்பாங்க. அதனால கல்ல எண்ணக் கூடாது, கல்லுல எழுதியிருக்கற எண்ணத்தான் பாக்கோணும். ஒரு கல்லு ரெண்டு கல்லுக்குப் பாத்தாலும் பத்தாது. வளைவ நேராக்கி ரோடு போட்ட எடத்துல தூரம் மாறியிருக்கும். இருவது கிலோமீட்டருக்குப் பாத்தோம். பொட்டி 20.6 காட்டுச்சு. 20அ 20.6ஆல வகுத்தா 0.97. பொட்டியில வேகத் திருத்தம்னு ஒரு எடம் இருக்கும், கம்பெனியில 100 வெச்சுக் குடுத்திருந்தாங்க. அத 97 ஆக்குனோம். அப்புறம் போன்ல ஜி.பி.எஸ். வெச்சுப் பாத்தா, வண்டி ஸ்பீடோமீட்டர்ல 60 காட்டறப்போ போன்லயும் பொட்டியிலயும் 56. ஸ்பீடோமீட்டரு உள்ள வேகத்தக் கொறச்சுக் காட்டக் கூடாதுங்கறதால கம்பெனிக்காரங்க கொஞ்சம் கூட்டித்தான் வெப்பாங்க. அது கோளாறு இல்ல.

அடுத்தது பெட்ரோல். இங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. பொட்டி பெட்ரோல அளக்கறதே இல்லீங்க. காத்த அளக்குது. இஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தம், சூடு, இஞ்சின் சுத்தற வேகம், இஞ்சினோட அளவு இத்தனையும் வெச்சு "இவ்வளவு காத்து போயிருக்கும்"னு ஒரு கணக்குப் போடுது. ஒரு கிராம் பெட்ரோல் எரிய 14.7 கிராம் காத்து வேணும். அந்தக் கணக்குல திருப்பிப் போட்டு, இவ்வளவு பெட்ரோல் எரிஞ்சிருக்கும்னு சொல்லுது.

இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல நூத்துக்கு இருவது வரைக்கும் எத்தனால். நாங்க வெட்டி அனுப்பற கரும்புல இருந்தும், மக்காச்சோளத்துல இருந்தும், அரிசியில இருந்தும் எடுக்கறது. எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கறதால அதுக்குக் காத்து கம்மியாப் போதும். இருவது சதம் கலந்த பெட்ரோலுக்கு 14.7க்குப் பதிலா சுமார் 13.5 கிராம்தான் வேணும். அதே காத்துக்குக் கூடுதல் பெட்ரோல் போகும். பழைய கணக்க வெச்சிருக்கற பொட்டி நூத்துக்கு எட்டு கிட்டக் கொறச்சுச் சொல்லும். பொட்டி நல்ல மைலேஜ் காட்டும், பங்க்ல பில்லு வேற சொல்லும்.

இதத் திருத்த ஒரே வழி, டேங்க் நெரப்பி டேங்க் நெரப்பிப் பாக்கறதுதான். ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி அதே தெசையில நிக்கோணும். துப்பாக்கி மொதத் தடவ தானா நின்ன ஒடனே போதும்னு சொல்லிரோணும், ரவுண்டா வரட்டும்னு மேல ஊத்த விடக் கூடாது. பாதி டேங்குக்கு மேல தீந்த பின்னாடிதான் திரும்ப நெரப்போணும். நெரப்பறதுல அரை லிட்டர் முன்னப்பின்ன போகும். அஞ்சு லிட்டருக்கு அது நூத்துக்குப் பத்து, இருவது லிட்டருக்கு ரெண்டரைதான்.

மொதல் தடவ பொட்டி 18.4 லிட்டர்னுச்சு, பில்லுல 21.16. எரிபொருள் திருத்தத்த 100ல இருந்து 115 ஆக்குனேன். ரெண்டாந்தடவ பொட்டி 22.0, பில்லு 21.6. திருத்தம் 113க்கு எறங்குச்சு. மூணாந்தடவ பொட்டி 20.9, பில்லு 21.1. நூத்துக்கு ஒண்ணு கூட வித்தியாசம் இல்ல. இதுக்கு மேல தோண்ட வேண்டாம்னு நிறுத்திக்கிட்டோம். பங்க் அளவு மேல சந்தேகம்னா அங்கயே முத்திர போட்ட அஞ்சு லிட்டர் அளவு இருக்கும், பிடிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்கலாம். அது நம்ம உரிமை. நாங்க கேட்டோம், சரியா இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. திம்பம் மலையில எறங்கறப்போ, கியர்ல வெச்சு ஆக்சிலேட்டர விட்டுட்டா வண்டி பெட்ரோல அடியோட நிறுத்திக்கும். காத்த மட்டும் பாக்கற பொட்டிக்கு அது தெரியாது, குடிக்கறதாவே எழுதிக்கும். அதனால உங்க வண்டி வழக்கமாப் போற ரோட்டுலதான் திருத்தம் போடோணும். மலையில ஒரு நாள் போட்டுட்டு வந்து அதையே தரையில நம்பக் கூடாது.

இப்ப கணக்குக்கு வருவோம். பூ ஓட்டம் லிட்டருக்கு 12.5. கோயமுத்தூர் ஓட்டம் 19. எனக்கு 300 கிலோமீட்டருக்கு 24 லிட்டர். தம்பிக்கு 280 கிலோமீட்டருக்கு 14.7 லிட்டர். மொத்தம் 38.7. பழையபடி கிலோமீட்டர்ல பிரிச்சா தம்பி தலையில 18.7 லிட்டர் விழும். மாசம் நாலு லிட்டர், லிட்டர் நூறு ரூபான்னே வெச்சாலும் 400 ரூபா.

நோட்ட தம்பிகிட்டக் குடுத்தேன். ஒவ்வொரு பில்லையும் ஒட்டி வெச்சிருந்தேன். கூட்டிப் பாத்தான், ரெண்டாந்தடவையும் கூட்டிப் பாத்தான். "ஏனுங்ண்ணா, உங்களுக்குத்தான் அதிகமா வருது?"ன்னான். "பொட்டி நீயுஞ்சேந்து சோதிச்சதுதான கண்ணு, கல்ல எண்ணுனது உஞ்சம்சாரந்தான"ன்னேன். ஒண்ணும் பேசல. அடுத்த ஆஸ்பத்திரி நாளைக்கு மொத நாள் ராத்திரி வந்து சாவிய வாங்கிக்கிட்டுப் போனான்.

400 ரூபா பெரிய காசான்னு டவுன்ல இருக்கறவங்க நெனைக்கலாம். காசுக்காக இல்லீங்க. அண்ணன் விட்டுக் குடுத்ததுன்னா அவன் வண்டியத் தொட்டிருக்க மாட்டான். அளந்து வந்ததுன்னா அது அவனோட பங்கு. நான் என்ன சொன்னாலும் அவனுக்கு அது எரக்கமாத்தான் பட்டிருக்கும். அவங் கண்ணு முன்னால சோதிச்ச கருவி சொன்னப்போ அது நியாயமாப் பட்டுச்சு.

உங்க வண்டியில கம்பெனியே பொட்டி வெச்சுக் குடுத்திருந்தாலும், ஒரு மாசம் பில்ல சேத்து வெச்சு டேங்குக்கு டேங்கு ஒத்துப் பாருங்க. எத்தன முன்னப்பின்ன இருக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா அந்த எண்ணு உங்களுக்கு ஒதவும். நோட்டுல இப்ப கிலோமீட்டருக்குப் பக்கத்துல லிட்டருக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கோம். முன் டயரு ரெண்டும் தேஞ்சு போச்சு, ஆடி கழிஞ்சு மாத்தோணும். மாத்துனா மறுபடியும் கல்லு பாக்கோணும். இந்தத் தடவையும் தானே பாத்துச் சொல்றதாத் தம்பி சம்சாரம் இப்பவே சொல்லியிருக்குது.