போன்ல என்னண்ணா பேச்சு?

பொதட்டூர்பேட்டைக்காரங்களுக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. சத்தம் நின்னாத்தான் முழிப்பு வரும். போன வருஷம் ஒரு ராத்திரி அப்படித்தான் எழுந்தேன். தறிக்குப் பக்கத்துல அப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

108-க்கு அடிச்சேன். (எல்லை ஊர் பாஸ்... செல்போன் எப்போ ஆந்திரா டவரைப் பிடிக்கும்னு திருத்தணி முருகனுக்கே வெளிச்சம்!) நல்லவேளை, தமிழ்க் குரல்.

வண்டி வந்தப்போ பக்கத்து வீட்டு மாமா தன்னோட சார்பிட்ரேட் மாத்திரையோட நின்னார். ''நாக்குக்கு அடியில வைப்பா, சரியாயிடும்!'' இ.எம்.டி. அண்ணன் தடுத்துட்டார். பி.பி. பார்த்தார். அப்பாவை ஏத்தினதும் செல்போனை எடுத்துட்டார். எனக்கு வந்ததே கோபம்... ''அப்பா துடிக்கிறாரு, போன்ல என்னண்ணா பேச்சு?''

அவர் கையமர்த்திட்டுத் தொடர்ந்தார். ''வயசு 52 மேடம். அரை மணி நேரமா நெஞ்சுவலி. பி.பி. 86/60. பல்ஸ் 54...''

மறுமுனையில் டாக்டர்!

108 தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பரில். ஆந்திராவில் 2005-லேயே வந்தாச்சு. வண்டியில் வர்றவர் டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற இ.எம்.டி. அவருக்குக் கைகொடுக்கத்தான் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் டாக்டர்கள் இருக்காங்க. என்ன கொடுக்கணும், முக்கியமா என்ன கொடுக்கக் கூடாதுன்னு போனிலேயே சொல்வாங்க. ஐடியா பழசுதான். 1967-லேயே அமெரிக்காவின் மயாமியில் டாக்டர் யூஜின் நேகல், சம்பவ இடத்திலிருந்து ரேடியோ மூலமா ஆஸ்பத்திரிக்கு ஈசிஜி அனுப்ப வெச்சுட்டார்.

''அல்சர், அலர்ஜி இருக்கா கேளுங்க'' என்றார் மேடம். இல்லை. ''அப்போ ஆஸ்பிரினை மென்னு முழுங்கட்டும். சார்பிட்ரேட் வேண்டவே வேண்டாம்.''

அது ரத்தக்குழாயை விரிக்கிற மாத்திரையாம். ஏற்கெனவே பி.பி. இறங்கினவருக்குக் கொடுத்தா இன்னும் சரிஞ்சுடும். மாமா கையில் இருந்தது நல்ல மருந்துதான். ஆனா அப்பாவுக்கு அந்த நேரத்துல ஆபத்து. அந்தப் போன் மட்டும் இல்லேன்னா, அண்ணன்கிட்ட கெஞ்சியாவது நானே அதைக் கொடுத்திருப்பேன்!

திருத்தணி ஆஸ்பத்திரியில் இறங்கினப்போ ''ஸாரிண்ணா'' என்றேன். ''விடு தம்பி, முக்கால்வாசி வீட்டுல இதே கேள்விதான்'' என்று ஸ்ட்ரெச்சரைத் துடைக்கப் போயிட்டார்.

அப்பா இப்போ பகல்ல மட்டும்தான் தறி ஓட்டுறார். ராத்திரியில வீடே கம்முனு இருக்கு. எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேங்குது!