பூஜ்யத்துக்கான உழைப்பு

"கைக்கு க்ரீம் ஏதாவது போட்டிருக்கீங்களா சார்? சென்ட் அடிச்சிருக்கீங்களா?"

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டியுள்ள ஒரு தனியார் உணவு ஆய்வகத்தில், உள்ளறைக்குள் கால் வைக்கும் முன்பே இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் அங்கே மூத்த ஆய்வாளர், வேதியியல் பட்டதாரி. வாசனைப் பொருள்களில் தாலேட் என்ற வேதிப்பொருள் சேர்ப்பதுண்டு. உணவிலும் குடிநீரிலும் அவர் தேடுவது அந்த இனத்தைத்தான். அதை நானே உள்ளே கொண்டுபோய்விடக் கூடாதல்லவா? கையைக் கழுவிவிட்டுத்தான் போனேன்.

சென்னைக்கு வடக்கே ரெட்ஹில்ஸ் தொடங்கி கும்மிடிப்பூண்டி வரையும், மேற்கே காக்களூர் தொழிற்பேட்டை வரையும் தயாராகிற கேன் தண்ணீர், எண்ணெய் பாக்கெட், ஊறுகாய் எல்லாம் பிளாஸ்டிக்கில்தான் வீட்டுக்கு வருகின்றன. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை வளைகிற மாதிரி மென்மையாக்க டி.ஈ.எச்.பி. என்ற தாலேட்டைக் கலப்பார்கள். அது பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் சேர்வதில்லை, இடையில் தங்கியிருக்கிறது. எண்ணெய் பட்டால் எளிதாக வெளியே வந்துவிடும். பெட் பாட்டிலின் கதை வேறு. அதன் தயாரிப்பில் வினையூக்கியாகப் பயன்படும் ஆன்டிமனி சிறிதளவு பாட்டிலிலேயே தங்கிவிடுகிறது. கத்திரி வெயிலில் பெட்டிக்கடை வாசலில் அடுக்கி வைத்த பாட்டிலிலிருந்து அது தண்ணீருக்குள் இறங்கும் வேகம் கூடுகிறது.

இதற்கெல்லாம் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் கொண்டுவந்த பேக்கேஜிங் விதிமுறைகளில் வரம்பு உண்டு. பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் மொத்தப் பொருள் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. டி.ஈ.எச்.பி. 1.5 மில்லிகிராம், ஆன்டிமனி 0.04 மில்லிகிராம். விதியை எழுதிவிடலாம். அதை அளந்து சொல்ல இப்படி ஓர் அறையும், பழகிய கைகளும் வேண்டும்.

அன்று மேசையில் இருந்தது கேன் தண்ணீர் சாம்பிள். ஒரு லிட்டரைப் பேரிக்காய் வடிவக் கண்ணாடிப் புனலில் ஊற்றி, டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானைச் சேர்த்து, மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு குலுக்கினார் ஓர் இளம்பெண். சில குலுக்கலுக்கு ஒருமுறை புனலைத் தலைகீழாகப் பிடித்துக் குழாயைத் திறந்தார். 'புஸ்' என்று காற்று வெளியேறியது. "விடலைன்னா மூடி தெறிச்சுடும் சார்." தாங்கியில் நிறுத்தியதும் இரண்டு அடுக்கு பிரிந்தது. தண்ணீரைவிடக் கனமான கரைப்பான், தாலேட்டை இழுத்துக்கொண்டு அடியில் தங்கியது. கண்ணைக் கோட்டிலேயே வைத்து, கீழ் அடுக்கை மட்டும் சொட்டுச் சொட்டாக இறக்கினார். மேல் அடுக்கு குழாயை எட்டும் நொடியில் விரல் தானாக மூடியது. பிறகு நைட்ரஜன் வாயுவை மெல்ல வீசிக் கரைப்பானை ஆவியாக்கி ஒரு மில்லிலிட்டருக்குக் கொண்டுவந்தார். ஒரு லிட்டரில் ஒளிந்திருந்தது இப்போது ஆயிரம் மடங்கு செறிவில்.

தண்ணீர் சுலபம். பாலும் பழச்சாறும் வந்தால் நடுவில் நுரைத்த குழம்பு மாதிரி ஓர் அடுக்கு நின்று பிரிய மறுக்கும். உப்புப் போட்டு உடைக்க வேண்டும். எண்ணெய்தான் பெரிய சோதனை. கொழுப்பைத் தள்ளிவிட்டு, அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற தாலேட்டை மட்டும் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானுக்கு மாற்றிக் கொண்டுவர வேண்டும்.

ஆனால் இந்த வேலையின் உயிர் சாம்பிளில் இல்லை, பிளாங்க்கில் இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் உணவே இல்லாமல், வெறும் கரைப்பானை அதே புனல், அதே உப்பு, அதே நைட்ரஜன் வழியாக நடத்துகிறார்கள். அதில் தாலேட் வந்தால், வந்தது ஆய்வகத்திலிருந்துதான். அதற்காகவே கண்ணாடிப் பொருள்களை 400 டிகிரிக்கு மேல் சூளையில் சுடுகிறார்கள், உப்பையும் சுடுகிறார்கள். வினைல் கையுறை கிடையாது, பிளாஸ்டிக் பிப்பெட் முனை கிடையாது. மூடியின் உள்பக்கம் டெஃப்லான். சுத்திகரித்த நீர்கூட பிளாஸ்டிக் குழாய் வழியாக வந்தது என்பதால், அதை ஹெக்சேனால் கழுவிய பிறகே பயன்படுத்துகிறார்கள்.

செறிவாக்கியதை அளக்கும் கருவியின் திரையில் 149 என்ற நிறை எண்ணில் ஒரு பீக் (முகடு) எழுந்தது. பெரும்பாலான தாலேட்டுகள் உடைந்து விட்டுச்செல்லும் அடையாளம் அது. அது பிளாங்க்கின் பீக். "இந்த செட் முழுக்கத் திரும்பப் பண்ணணும்மா," என்றார் மூத்தவர். புனல்கள் மறுபடியும் சூளைக்குப் போயின. யாரும் முணுமுணுக்கவில்லை.

இந்தக் கவனம் ஒரு நாட்டையே காப்பாற்றியிருக்கிறது. 2011-இல் தைவான் அரசு ஆய்வகத்தில், புரோபயாடிக் தூளில் சட்டவிரோத மருந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஆய்வாளர், தான் தேடாத ஒரு பீக்கைக் கண்டார். தன் வேலை அது இல்லை என்று தள்ளிவிடாமல் துருவினார். பானங்களில் கலங்கல் தோற்றத்துக்குச் சேர்க்கும் பொருளில் டி.ஈ.எச்.பி.யைக் கலந்து விற்றது அம்பலமானது. கடைகளிலிருந்து பானங்கள் அள்ளி அகற்றப்பட்டன.

இந்தக் கைகளையும் யாராவது காக்க வேண்டும். டைகுளோரோமீத்தேனில் புற்றுநோய் அபாயம் உள்ளது. அமெரிக்கா 2024-இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்து, ஆய்வகம் போன்ற சில இடங்களில் மட்டும் கடுமையான பாதுகாப்பு விதிகளோடு விட்டுவைத்தது. கரைப்பான் ஆவியை வெளியேற்றும் புகைக்கூண்டின் விசிறி சரியாக இழுக்கிறதா என்ற பரிசோதனை, நாள்தோறும் புனல் குலுக்குகிற இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு உயிர்ப் பிரச்சினை. மலிவான விலைக்கு ஆய்வு கேட்கிற நிறுவனம், முதலில் வெட்டச் சொல்வது பிளாங்க்கையும் இந்தப் பாதுகாப்பையும்தான்.

ஆய்வறிக்கையை வாங்குகிற ஒவ்வொரு தொழிற்சாலையும், அதை ஏற்கிற ஒவ்வொரு அதிகாரியும் பிளாங்க் அளவையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். அது அச்சிடப்படாத அறிக்கையில் உள்ள எண், தண்ணீரின் எண்ணா ஆய்வகத்தின் எண்ணா என்று எவராலும் சொல்ல முடியாது.