அயலாரை அறிதல்

பூமியதிர்ச்சி முன்னறிவித்து வருவதன்று. அது வந்தபின் வெளியூர்த் துணை வந்து சேரப் பல மணிநேரஞ் செல்லும். இடிபாட்டிற் சிக்கியோனுக்கோ அம்மணிநேரங்களே ஆயுளின் எல்லை. ஆகலின் அவனுக்கு முதற்றுணையாவார் அடுத்த வீட்டாரே. இதனை ஜப்பான் தேசத்திற்கு நேர்ந்த இரண்டு பேரதிர்ச்சிகளைக் கொண்டு ஆராய விழைகின்றோம்.

1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் வைகறை 5 மணி 46 நிமிடத்திற் கோபே நகரும் அதன் சூழலும் அதிர்ந்தன. 6,400க்கு மேற்பட்டோர் மாண்டனர். கனத்த ஓட்டுக்கூரை தாங்கிய பழைய மரவீடுகள் உறங்கினோர்மேற் சாய்ந்தன. தெருக்கள் அடைபட்டன; நீர்க்குழாய்கள் உடைந்தன; தீயணைப்போர் எல்லாவிடத்துஞ் செல்லக் கூடவில்லை. இடிபாட்டினின்று மீட்கப்பட்டோரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினரை அயலாரே மீட்டனர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

அதிர்ச்சி பிறந்தவிடத்தை அடுத்துள்ளது அவாஜித் தீவின் ஹொகுடான் என்னுஞ் சிற்றூர். அங்கே புதையுண்ட ஏறத்தாழ 300 பேரை ஊர்த் தீயணைப்புத் தொண்டரும் அயலாரும் அன்றைக்கே வெளிக்கொணர்ந்தனர். இன்ன வீட்டு முதியவள் இன்ன அறையில் உறங்குவாள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலின் கண்டவிடமெல்லாந் தோண்டாது, வேண்டுமிடத்தையே தோண்டினர். நாடோறும் பழகிப் பெற்ற அறிவு அன்று உயிர் காத்தது.

எனினும், அயலார் ஒன்றுகூடுதல் மாத்திரம் போதுமோ? 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் டோக்கியோவும் யோகோஹாமாவும் அதிர்ந்து எரிந்தன. ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் இறந்தனர். அப்பொழுது, கொரியர் கிணறுகளில் நஞ்சிடுகின்றனர் என்றொரு பொய்ச்செய்தி பரவிற்று. தெருத்தோறும் காவற்குழுக்கள் எழுந்தன. வழிச்செல்வோரைச் சில ஜப்பானியச் சொற்களை உச்சரிக்கச் செய்து, நாப் பிறழ்ந்தோரைக் கொன்றனர். படையினரிலுங் காவலரிலுஞ் சிலர் அக்கொலையிற் கலந்தனர். கொரியர் பெருந்தொகையினராய் மடிந்தனர், சீனரும் மாண்டனர். யோர்தான் துறைகளில் ‘ஷிபோலேத்’ என்னுஞ் சொல்லால் எப்பிராயீமியர் மடிந்த வரலாற்றை நியாயாதிபதிகள் ஆகமத்திற் படித்தோர்க்கு இக்கொடுமை புதிதன்று. அக்குழுவினரும் அயலாராய்க் கூடியவர்களே. ஒழுங்கிலுஞ் சுறுசுறுப்பிலும் அவர்க்குக் குறைவில்லை. தம்மிடையே வாழ்ந்த அன்னியனை அறியாமையே அவர்தங் குறை. அறியாதவனைப் பற்றி எதனையும் நம்புதல் எளிதன்றோ!

மீண்டுங் கோபேயை நோக்குவோம். அந்நகரின் நகாதா வட்டத்திற் கொரியரும் வியட்நாமியரும் ஜப்பானியரோடு கலந்து வாழ்ந்தனர். 1995இல் அங்குள்ள தகாத்தோரிக் கத்தோலிக்க ஆலயம் தீக்கிரையாயிற்று. அதன் வளாகமே தொண்டர் கூடுமிடமாயிற்று. அவ்வாண்டிலேயே சிற்பி ஷிகெரு பான் காகிதக் குழாய்களைத் தூண்களாக நிறுத்தி ஆங்கோர் ஆலயம் அமைத்தார். தொண்டர்கள் தங்கையால் அதனை எழுப்பினர். ஜப்பானிய மொழி அறியாதாரும் செய்தியறியுமாறு பன்மொழி வானொலியும் அவ்வட்டத்திலே தோன்றிற்று. தெளிந்த செய்தி தன் மொழியிற் கிடைப்பவனிடம் புரளிக்கு வேலையில்லை.

நாம் செய்யத்தக்கவை அரியனவல்ல. நம் தெருவில் நோயுற்றுக் கிடப்போர் யாவர், தனித்துறையும் முதியோர் யாவர், அவர் உறங்குமிடம் யாது என்றறிதல் வேண்டும். கடப்பாரை, கயிறு, வாளி ஆகியவற்றைப் பொதுவிடத்தில் வைத்து, அவ்விடத்தை யாவர்க்குந் தெரிவித்தல் வேண்டும். ஆண்டிற்கொரு முறையேனுங் கூடிப் பழகுதல் வேண்டும். இவற்றோடு, நம்மூர்க் கட்டட வேலைக்கு வடநாட்டினின்று வந்து தகரக் கொட்டகைகளில் உறையுந் தொழிலாளரின் பெயரையுங் கேட்டறிதல் வேண்டும். அவர்தம் மொழியில் ‘ஓடு’, ‘நில்’, ‘நீர்’ என்னும் மூன்று சொற்களையேனும் நம் விடுதி மாணவர் கற்பாராக. நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அயலானாய் நின்றவன் அன்னியனே என்பதையும் மறவாதிருப்போமாக.