ஓய்வுக்கு ஏற்ற வாகனம்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு யோசனை சொல்ல நம் ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. காசிக்குப் போகச் சொல்வார் ஒருவர். மாடி கட்டி வாடகைக்கு விடச் சொல்வார் இன்னொருவர். காலையில் அருகம்புல் சாறு, மாலையில் உபந்நியாசம் என்று அவருடைய பொழுதைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. கதை எழுதும் எங்களைப் போன்றவர்கள் இன்னும் மோசம். ரிடையரானவர் ஒருவர் கதைக்குள் வந்துவிட்டால் போதும். அவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார்த்தி, கையில் பேப்பரைக் கொடுத்து, காபி வரத் தாமதமாவதைப் பற்றிப் பெருமூச்சு விட வைத்துவிடுகிறோம். அந்த நாற்காலியிலிருந்து அவர் எழுந்து போய் ஒரு மோட்டார் கார் வாங்கி வந்தால், மேற்கொண்டு கதையை எப்படி நடத்துவது என்று எங்களுக்குத் தெரிவதில்லை.

திருவான்மியூரில் எங்கள் தெருவில் அப்படி ஒருவர் எழுந்து போய் வாங்கி வந்துவிட்டார். அதுவும் சாதாரணக் கார் அல்ல. இரண்டே பேர் உட்காரக் கூடிய, கூரையை மடித்து வைத்துக்கொள்ளும் ஸ்போர்ட்ஸ் கார். போர்ஷே கம்பெனியின் பாக்ஸ்டர் என்ற ரகம். பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது, செகண்ட் ஹாண்ட். வாங்கியவர் கப்பலில் தலைமை எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 61. அந்தப் பதவியில் இருப்பவரைக் கப்பலில் 'சீஃப்' என்று அழைப்பார்களாம். எங்கள் தெருவும், காய்கறி வண்டிக்காரர் உள்பட, அவரை அப்படியே அழைக்கிறது.

வாங்கியதைத் தெரு அவ்வளவாக ஆக்ஷேபிக்கவில்லை. வாலிபத்தில் சோழவரத்துக்குப் போய், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயத்தைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தவர், ஆசை இருக்காதா? உறை போட்டு மூடி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்து ஓட்டினால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வீட்டிலிருந்த நாலு கதவுக் காரை விற்றுவிட்டார். பாங்குக்கு இது, பல் டாக்டரிடம் போக இது, கல்யாண வீட்டுக்கும் இதுவே என்று ஆகிவிட்டது. "விசேஷத்துக்கு எடுக்கிற பட்டு வேஷ்டியை யாராவது தினம் கட்டிக்கொள்வார்களா?" என்று கேட்டார் எதிர் வீட்டுக்காரர். கேள்வி நல்ல கேள்விதான். நிதானமாக யோசிக்க வேண்டிய கேள்வி.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேகமாக ஓடுவது என்று நாம் நினைக்கிறோம். வேகம் அதில் ஓர் அம்சம். குறைந்த எடை, தாழ்ந்த உடல், ஓட்டுகிறவன் கை அசைந்த மாத்திரத்தில் வண்டியும் அசைகிற இணக்கம் - இவைதான் அதற்கு உயிர். ஜப்பானின் மஸ்டா கம்பெனி 1989-ல் எம்.எக்ஸ்.5 என்ற சின்ன இரட்டை ஆசனக் காரைச் சிகாகோ கண்காட்சியில் வெளியிட்டது. எஞ்சின் 1.6 லிட்டர்தான், அந்த அளவு எஞ்சின் குடும்பக் கார்களிலும் உண்டு. குதிரையும் குதிரை மேல் இருப்பவனும் ஓருடலாவதைக் குறிக்கும் ஜப்பானியத் தொடர் ஒன்றை லட்சியமாக வைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள். 2016-க்குள் 10 லட்சம் வண்டிகள் தயாராகிவிட்டன. உலகத்தில் 10 லட்சம் பந்தய வீரர்கள் ஏது? கடைக்கும் ஆபீசுக்கும் போகிற சாமானியர்களும் வாங்கியதால்தான் அந்தக் கணக்கு.

நம் சென்னைக்கும் இதில் ஓர் உறவு உண்டு. 1960-களில் இங்கே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு மூலமான இங்கிலாந்து ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் கொஞ்சம் குறுக்கி, மேலே வேறு உடல் பொருத்தித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிச்சலோட்டி என்ற ஒரே இத்தாலியர். டாக்டர் வீட்டு வாசலில் சாதுவாக நின்ற வண்டிக்கு அப்படி ஒரு தம்பி! ஆகவே குடும்பக் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இருப்பது ஜாதி வித்தியாசம் அல்ல, சுபாவ வித்தியாசம்.

சுபாவம் இருக்கட்டும், நம் தெருக்களுக்கு அது சரிப்படுமா? தாழ்ந்த வண்டிக்கு முதல் சத்துரு வேகத்தடை. இதைக் கேட்டதும் சீஃப் ஒரு சாக்குக்கட்டியை எடுத்து வாசலில் படம் போட்டுவிட்டார். "தம்பி, வேகத்தடைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவு சொல்லியிருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். என் வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஏறக்குறைய 2.4 மீட்டர். நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும்போது, நடுவே வண்டியின் வயிற்றை நோக்கி எழும்புவது நாலு சென்டிமீட்டரும் கொஞ்சமும்தான். இடிக்கவே இடிக்காது" என்றார்.

"நம் தெரு முனையில் இருக்கிறதே, அது?" என்று கேட்டேன்.

"அதைக் காங்கிரஸ் போடவில்லை. யாரோ ராத்திரியில் மிஞ்சிப்போன சிமெண்டைக் கொட்டிவிட்டுப் போனது."

அம்மாதிரி மேடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவருக்கு மனப்பாடம். அங்கே வண்டியைச் சாய்வாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். பின்னால் வருகிற ஆட்டோக்காரர் அதுவரையில் அவருடைய முன்னோர்களை விசாரித்துக்கொண்டிருப்பார். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால் வண்டி வெளியே வராது. 2015-லும் 2023-லும் டிசம்பர் மாதத்தில் இந்த நகரம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், அது நாலு கதவு வண்டிக்கும் பொருந்தும் விதி என்பதை ஒப்புக்கொள்வார்கள். கூரையைத் திறப்பது காலை எட்டு மணிக்கு முன்னால் மட்டும். அதன் பிறகு சென்னை வெயிலில் திறந்த கார் என்பது தோசைக்கல்தான்.

ரிப்பேர் விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. டயருக்குக் காற்றடிக்கும் பையன் ஆசையோடு முன் மூடியைத் திறக்கச் சொன்னான். உள்ளே காலிப் பெட்டி. பின் மூடியைத் திறந்தால் அங்கேயும் காலிப் பெட்டி. "சார், எஞ்சினே இல்லாம ஏமாத்தி வித்துட்டானுங்க சார்!" என்று பதறிப்போனான். இந்த ரகத்தில் எஞ்சின், ஆசனத்துக்குப் பின்னால் வண்டியின் நடுவயிற்றில் ஒளிந்திருக்கிறது. அதனால் முன்னும் பின்னுமாக இரண்டு சாமான் பெட்டிகள்! கோயம்பேட்டுக் காய்கறியை முன்னாலும், தேங்காய் மூட்டையைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு சீஃப் வந்து இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி, மூடி வைக்கிற விஷயம். கார் என்பது உறைக்குள் பத்திரமாக இருக்கும் என்று எண்ணுவது தப்பு. ஓடாத வண்டியில் பாட்டரி இறங்கிவிடும். ஒரே இடத்தில் நின்ற டயர் தட்டையாகும். ரப்பர் வளையங்கள் காய்ந்து எண்ணெய் கசியும். இப்போதெல்லாம் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்காகத் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கவும் இதையே எடுத்தால் அதுவும் கெடுதல்தான். எண்ணெய் சூடேறுவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். ஆகவே பாலுக்கு சீஃப் நடந்து போகிறார். வண்டியை எடுத்தால் கொஞ்ச தூரமாவது ஓட்டிவிட்டுத்தான் வைக்கிறார். இந்த ஏற்பாட்டில் வண்டிக்கும் சுகம், அவருக்கும் சுகம்.

வண்டியை விட உடம்பு பெரிய கேள்வி. நடிகர் பால் நியூமன் 1995-ல் தம் எழுபதாவது வயதில் டேடோனா 24 மணிப் பந்தயத்தில் ஓட்டி, தம் பிரிவில் வெற்றி பெற்ற அணியில் இருந்தார். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பந்தயம் ஒரு நாள் சமாசாரம். முழங்கால் வலி தினசரி சமாசாரம். இந்தக் காரில் ஏறுவது என்பதே கிடையாது, இறங்கி உட்காருவதுதான். பிறகு அங்கிருந்து எழுந்திருப்பது கிட்டத்தட்டத் தோப்புக்கரணம். அறுபது வயதுக் கண்ணின் உட்திரைக்கு எட்டும் வெளிச்சம், இருபது வயதில் எட்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். தாழ உட்கார்ந்திருப்பவருக்கு எதிர் வண்டியின் விளக்கு நேராகக் கண்ணில் குத்தும். ஆகையால் சீஃப் இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. சட்டமும் இதை யோசித்திருக்கிறது. 55 வயதைத் தாண்டியவருக்கு லைசென்ஸை ஐந்து ஐந்து வருஷமாகத்தான் புதுப்பிப்பார்கள். டாக்டர் சான்றிதழும் வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரோ அந்தப் பரீட்சையைத் தினமும் வைக்கிறது. என்றைக்கு எழுந்திருக்க இன்னொருவர் கை தேவைப்படுகிறதோ, அன்றைக்கு விற்றுவிடுவது என்று அவர் முடிவு செய்து, வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் விடக் கனமான ஆக்ஷேபம் ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்றாவது மனிதருக்கு இடமில்லாத வண்டி குடும்பத்துக்கு ஆகுமா? மகளும் பேரனும் வந்தால் டாக்ஸி வைத்துக்கொள்ளலாம். அவசரம் என்றால்?

அந்த அவசரமும் வந்தது. அவருடைய மாமியார் காஞ்சிபுரத்தில் மகனோடு இருக்கிறார். வயது 86. சீஃபும் அவர் மனைவியும் வாரம் ஒரு முறை இந்தக் காரில்தான் அங்கே போவார்கள். ("காருக்குக் கூரை போடக்கூட மாப்பிள்ளைக்குப் பணம் போதலையா?" என்று அந்த அம்மாள் முதல் நாளே கேட்டுவிட்டாராம்.) அப்படிப் போயிருந்த ஒரு நாள் அவருக்கு மூச்சுத் திணறல். சென்னைக்கு அழைத்து வர வேண்டும். டாக்ஸி பிடித்துத் தாயையும் மகளையும் அதில் ஏற்றிவிட்டு, சீஃப் தம் காரில் பின்னாலேயே வந்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த பந்தயத் தடம் இருக்கும் வழி. வேறு நாளாக இருந்தால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து நாலு வார்த்தை சொல்வார். அன்றைக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டரும் பக்கத்து ஆசனம் காலி. முன்னால் போகிற டாக்ஸியில் என்ன நடக்கிறதோ என்ற பயம்.

மாமியார் பிழைத்துக்கொண்டார். ஆனால் வண்டியை விற்றுவிடுவது என்று சீஃப் தீர்மானித்துவிட்டார். தடுத்தது அவர் மனைவிதான். நான் விசாரிக்கப் போனபோது அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"இவர் கப்பல்ல இருந்த 28 வருஷமும் பெரிய வண்டியைத் தனியா ஓட்டினவ நான், தம்பி. பின்னால பிள்ளைங்க, பக்கத்து ஸீட்டுல மளிகைப் பை. அதுல எல்லாத்துக்கும் இடம் இருந்தது. இவர் மட்டும்தான் இல்லை. இப்போ ரெண்டே ஸீட். ரெண்டுலயும் ஆள் இருக்கு. வருஷத்துல ஒரு நாள் டாக்ஸி கூப்பிட வேண்டியிருக்குன்னு மீதி நாளையெல்லாம் விக்கச் சொல்றீங்களா? அதோட, போகும்போது இவர், வரும்போது நான்னு பேச்சு. அதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

அவருக்கும் முழங்கால் வலி உண்டு. பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறார்.

அந்த அம்மாளின் கணக்கை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். நாம் எல்லாரும் ஒரு நாளுக்காகவே மற்ற நாட்களை ஏற்பாடு செய்கிறோம். தீபாவளிக்கு வரப்போகிற ஏழு பேருக்காக ஏழு ஆசனம் வைத்த வண்டி. மற்ற நாளெல்லாம் ஒருவர் உட்கார்ந்து ஓட்டுகிறார். நல்ல தட்டுகள் விருந்தாளிக்காக அலமாரியில் இருக்கின்றன. உத்தியோகத்தில் இருக்கும்வரை அதற்கு ஒரு நியாயம் உண்டு. வாரத்தில் ஆறு நாள் நம்முடையதல்ல. ஏழு நாளும் தம்முடையதாகிவிட்ட மனிதரிடம் போய், "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று சொல்வதில் என்ன அர்த்தம்?

ஆகவே என் அபிப்பிராயம் இது. ஓய்வு பெற்றவர் ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் ஓட்டலாம். கடன் வாங்காமல் வாங்கியிருந்தால், இருட்டியபின் ஓட்டாமல் இருந்தால், தாமாக எழுந்திருக்க முடிந்தால், இரண்டாவது ஆசனத்தில் இருப்பவருக்கும் சம்மதமானால். கடைசி நிபந்தனைதான் முக்கியம். எதிர் வீட்டுக்காரர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் போன வாரம் அவர், "பல்லாவரம் வரைக்கும் போகணும் சீஃப், வண்டி அந்தப் பக்கம் போகுதா?" என்று கேட்டதாகக் கேள்வி. இடமில்லை என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம்.