வட்டியும் புகையும்

பதுளையில் ஒருவர் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை விற்க வைத்திருக்கிறார். வாங்குவதா விடுவதா என்று ஒரு மாதமாக எனக்குள் வழக்கு நடக்கிறது.

ஸ்பிரிங்வெலிப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் எனக்கு மோட்டார் சைக்கிள் சொகுசுச் சாமான் அல்ல. காலை பஸ் தவறினால் முதற் பாடம் போயிற்று. புதியது வாங்க லீசிங் வேண்டும். லீசிங் என்றால் வட்டி. முராபஹா, இஜாரா என்று வட்டியில்லாத வழிகளும் உண்டு. ஆனால் அங்கும் மாதத் தவணையைச் சம்பளம்தான் சுமக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய சைக்கிள்களுக்கும் விலை ஏறிவிட்டது. 2025 இல் கதவு மறுபடி திறந்தும் புதியவை நமக்கு எட்டுவதாயில்லை. இந்த ஆர்எக்ஸ் மட்டும் கைக்காசுக்குள் அடங்குகிறது. கடனில்லை, வட்டியில்லை. ஹலாலான வழி இதுதான் என்று மனசு சொன்னது.

ஆசையும் கூடவே இருந்தது என்பதை மறைப்பானேன்? இந்தியாவில் 1985 முதல் 1996 வரை செய்யப்பட்ட வண்டி அது. நமது இளமைக்காலத்தில் அதன் சத்தம் கேட்டால் திரும்பிப் பாராத பையன் இல்லை. சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிபொருள் வெடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். அதனால்தான் வெறும் 98 சி.சி. எஞ்சின் 11 குதிரைவலு தருகிறது. நமது மேடுகளில் அது துள்ளி ஏறும்.

ஏறுவதில் பிரச்சினையில்லை, இறங்குவதை யோசிக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இறக்கத்தில் வண்டியை அவ்வளவாகப் பிடித்து நிறுத்தாது. பாரமெல்லாம் பிரேக்கின் மேல்தான். அதுவோ முன்னும் பின்னும் டிரம் பிரேக். இன்னொன்றும் உண்டு. எஞ்சினுக்குள் போகும் ஒயிலின் அளவு எக்ஸிலேட்டரைத் திருகுவதைப் பொறுத்தது. நீண்ட இறக்கத்தில் அதை மூடிக்கொண்டே வந்தால் ஒயில் குறைந்து பிஸ்டன் இறுகிவிடக்கூடும். இடைக்கிடை சற்றுத் திருகிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த பாஸ் சொன்னார். பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும். 2022 இல் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. அந்த நாட்களை யார் மறப்பார்?

இவற்றையெல்லாம் பழக்கத்தால் சமாளித்துக்கொள்ளலாம். சமாளிக்க முடியாதது புகை. ஒயிலும் பெற்றோலோடு சேர்ந்து எரிகிறது. எரியாத பெற்றோலில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை அரசு 2008 இல் தடைசெய்ததும் இதனால்தான். “ஒரு சைக்கிள் புகையில் மலை கெட்டுப்போகுமா சேர்?” என்று விற்பவர் சிரிக்கிறார்.

மலை கெடாது. ஆனால் அந்தப் பாதை ஒடுக்கமானது. காலை ஏழு மணிக்கு அதில் நடப்பவர்கள் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களும் லயத்துப் பிள்ளைகளும். என்னைக் கண்டால் “குட் மோர்னிங் சேர்” சொல்லி ஒதுங்கி நிற்பார்கள். மேட்டில் எக்ஸிலேட்டரை முறுக்கினால் நீலப்புகை நேரே அவர்கள் முகத்தில்தான் படும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று சிறுவயதில் மத்ரஸாவில் ஓதிக்கொடுத்தார்கள். அகற்றாவிட்டாலும் நானே ஒன்றைக் கொண்டுபோய்ப் போடலாமா? நடந்து போகும் பிள்ளை என் மார்க்கத்தவனா இல்லையா என்பது இதில் கேள்வியே அல்ல. அவனுக்கும் சுத்தமான காற்றில் ஹக் உண்டு.

வட்டிக்குத் தப்புகிறேன் என்று என் சுமையைப் பிறர் நெஞ்சில் ஏற்றக்கூடாது. பேணுதல் என்பது காசு வரும் வழியைப் பார்ப்பதோடு முடிவதில்லை; அந்தக் காசு வாங்கித்தருவது யாரைத் தீண்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு சீட்டு நடக்கிறது. வட்டியில்லை, ஏலமில்லை, முறைப்படி ஒவ்வொருவருக்கும் வரும். என் முறை வர இன்னும் எட்டு மாதமாகும். வந்ததும் கையிருப்போடு சேர்த்துப் பழைய ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்று பார்ப்பதாக இருக்கிறேன். துள்ளாது, ஆனால் மெல்ல ஏறிவிடும். அதுவரை அதிகாலை பஸ்தான். ஆர்எக்ஸ்காரருக்கு வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டேன்.