இஸ்ஸும் உஸ்ஸும்

ஆம்பூரில் தோல் மண்டிக் கணக்கராயிருந்த பாய் ஒருவரிடம் உருது எழுத்துப் படித்தேன். அவருக்குக் கண்புரை. மகன் கடிதத்தை நான்தான் வாசித்தேன். "அந்த வெள்ளிக்கிழமை வருகிறேன்."

"ரம்ஜானுக்கு அடுத்த வெள்ளியைச் சொல்கிறான்" என்று பெருமூச்சுவிட்டு, வேலூருக்குப் புறப்பட்டுவிட்டார். அந்த வாரமே வந்த மகன், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனான்.

'இஸ்' என்றால் இந்த. 'உஸ்' என்றால் அந்த. எழுத்தில் இரண்டும் ஒன்றே. குறில் உயிருக்குரிய குறிகளை உருதுவில் வழக்கமாகப் போடுவதில்லை.

தமிழில் இந்த வம்பில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நம் ஓலைகளிலும் புள்ளியில்லாமல் 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றாகவே கிடந்தன. வீரமாமுனிவர் (1680–1747) வந்துதான் நெடிலை வேறாக்கினார்.

பாய் கோபிக்கவில்லை. "உயிரைப் படிக்கிறவன்தான் போடணும், தம்பி" என்றார்.

எனக்கு எழுத்து தெரிந்திருந்தது. அவர் காத்திருந்தது தெரியவில்லை.